பாண்டிச்சேரிக்குப் போய் விழுப்புரத்தில் தூங்கு!

விழுப்புரத்தைப் பார்க்காத தமிழன் உண்டா? ஆனால் பார்த்த நேரம் ராத்திரி இரண்டு மணியாக இருக்கும். பஸ் நிற்கும். "டீ, காபி, டிபன் சாப்பிடறவங்க இறங்கலாம்... வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்று ஒருவர் பஸ்ஸின் பக்கவாட்டில் பட்பட்டென்று தட்டிக்கொண்டே போவார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு ஏறி, மறுபடி தூங்கிவிடுவோம். விழுப்புரம் முடிந்தது.

திண்டிவனம் இன்னும் பாவம். அங்கே டீகூட வேண்டாம், பைபாஸிலேயே போய்விடலாம் என்பார்கள்.

இந்த இரண்டு ஊரிலும் யாராவது டிராவல் பேக்கைத் தூக்கிக்கொண்டு டூரிஸ்ட்டாகப் போய்த் தங்குவார்களா?

தங்கினேன் சார். தலா ஒரு ராத்திரி. மனைவியோடு!

காரணம் பாண்டிச்சேரி.

என் மனைவிக்கு ஒரே ஓர் ஆசை. தங்கமோ பட்டோ கிடையாது (அதெல்லாம் தனியாக இருக்கிறது). ஒரு காலண்டரில் மஞ்சள் சுவர், அதன்மேல் வழியும் காகிதப்பூ, வாசலில் ஒரு சைக்கிள் என்று படம் பார்த்திருக்கிறாள். அந்தத் தெருவில் நடக்க வேண்டும். நடந்து போய்க் கடலிலிருந்து சூரியன் வருவதைப் பார்க்க வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் ஒரு பிரெஞ்சு ஊரைப் பார்க்கும் ஆசை. நியாயமானதுதானே?

ஒயிட் டவுனில் ஓர் ஓட்டலுக்குப் போன் போட்டேன்.

"சனி, ஞாயிறா சார்? ஒரு நாளைக்கு 7,500. டாக்ஸ் தனி."

"ரூமுக்கா, ஓட்டலுக்கா?" என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அடியேன் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன் என்றாலும், கையில் இன்னும் ஒரு கணக்கு நோட்டு உண்டு. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. இரண்டு ராத்திரிக்கு 15,000 என்று பற்றில் எழுதிப் பார்த்தேன். பேனாவே கூசியது. அப்புறம் மேப்பை எடுத்தேன். விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி நாற்பது கிலோமீட்டருக்குள். திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய அதேதான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவிலும் அதே அளவு. கிட்டத்தட்ட சமபக்க முக்கோணம்! பத்தாம் வகுப்பு ஜியாமெட்ரி வாழ்க்கையில் முதல்முறையாக உதவிக்கு வந்தது.

உலகத்தில் விவரம் தெரிந்தவர்கள் செய்வதும் இதைத்தான். வெனிஸ் என்று ஓர் ஊர். தெருவில் தார் ரோட்டுக்குப் பதில் தண்ணீர். அங்கே ரூம் போட முடியாதவர்கள் இக்கரையில் மெஸ்த்ரே என்ற ஊரில் தங்குகிறார்கள். மெஸ்த்ரே என்றால் நம்மில் யாருக்குத் தெரியும்? பெரிய ரயில்வே ஜங்ஷன், அவ்வளவுதான். 1846-ல் கட்டிய ரயில் பாலத்தின்மேல் பத்தே நிமிஷத்தில் வெனிஸ் வந்துவிடும். 2024 ஏப்ரலிலிருந்து வெனிஸ் நகராட்சி ஒரு வேலை செய்தது. காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிற ஆசாமிகளிடம், கூட்டமான சில நாட்களில் தலைக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலித்தது. ஆனால் மெஸ்த்ரேயில் ராத்திரி தங்கியவருக்கு அது கிடையாது. இரண்டும் ஒரே நகராட்சி! பாரிஸிலும் இதே கதைதான். ஈஃபில் டவர் பக்கம் ரூம் போட்டால் சொத்தை எழுதி வைக்க வேண்டும். நம்மவர்கள் லா ஷப்பேல் பக்கம் போய்விடுகிறார்கள். அங்கே தமிழ்க் கடைகள் உண்டு, பிள்ளையார் கோயில்கூட உண்டு. ரூம் சுமாராக இருந்தாலும் இட்லி கிடைக்கும்.

ஆக, விழுப்புரம்தான் நம்முடைய மெஸ்த்ரே. அதுவும் ஜங்ஷன், இதுவும் ஜங்ஷன். சொல்லப்போனால் விழுப்புரத்தில் ஐந்து திசைக்கு ரயில் பிரிகிறது. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, பாண்டிச்சேரி. பாண்டிச்சேரி லைன் 1879-லேயே வந்துவிட்டது. மனைவியிடம் இந்த வரலாற்றையெல்லாம் சொன்னேன்.

"விழுப்புரத்துல தங்கறதுன்னா சுத்தி வளைக்காம சொல்லுங்களேன்" என்றாள்.

நோட்டில் எழுதினேன். 'மிச்சம்: சுமார் 12,000.' அடியில் இரண்டு கோடு போட்டேன்.

★

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை. பையனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, தாம்பரத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினோம். லாட்ஜ் 1,400 ரூபாய், ஏ.சி. போனிலேயே அட்வான்ஸ் அனுப்பியிருந்தேன். ரிசப்ஷனில் மானேஜர் இரண்டு ஆதார் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னுடையது தாம்பரம். அவளுடையது கும்பகோணம், அப்பா பெயரோடு. ஒன்பது வருஷமாக 'மாத்தணும், மாத்தணும்' என்று சொல்லி மாற்றாதது. (உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும், போய்ப் பாருங்கள்.)

"அட்ரஸ் வேற வேறயா இருக்கே சார்?"

"மிஸஸ் சார்."

"அதில்ல சார்... கல்யாண போட்டோ எதுனா போன்ல இருக்கா?"

சோபாவில் மூன்று பேர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி.வி.யை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் செய்த வீரச்செயல் என்ன தெரியுமா? "ஹி... ஹி..." என்று சிரித்துக்கொண்டு போனைத் தடவ ஆரம்பித்தேன். போனில் இருந்ததெல்லாம் மின்சார பில், பால் கணக்கு. என் மனைவி தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இவன் எங்க பையன். யூ.கே.ஜி. படிக்கிறான். இவனையும் கூட்டிட்டு வரணுமா?"

"கோச்சுக்காதீங்க மேடம்... பாண்டிச்சேரி பக்கம் பாருங்க, அதனால..." என்று மானேஜர் இழுத்துவிட்டு சாவியைக் கொடுத்தார். "பத்தரைக்குள்ள வந்துடுங்க. கேட் பூட்டிடுவோம்."

வேண்டாம்யா உன் ரூம் என்று வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. அட்வான்ஸ் கொடுத்திருந்தேனே!

இளைஞர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தகவல். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஓட்டலில் ஒரே அறையில் தங்கக் கூடாது என்று நாட்டில் சட்டமே கிடையாது. 2019 டிசம்பரில், கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதியின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. ஆகாதவர்களுக்கே தடையில்லை என்றால் ஆகி ஒன்பது வருஷமானவர்களுக்கு என்ன? இது எனக்கு ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

★

மத்தியானம் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். தலைக்கு நாற்பது ரூபாய்கூட ஆகவில்லை. இந்த ரோடே ஒரு வேடிக்கை. கோலியனூர், வளவனூர்... தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி. திருபுவனையும் புதுச்சேரி. ஆகா, வந்துவிட்டோம் என்று பையை எடுத்தால் கண்டமங்கலம்... மறுபடி தமிழ்நாடு! அப்புறம் அரியூர், வில்லியனூர், மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் துண்டு துண்டாகப் பிடித்து வைத்த பூமி, துண்டு துண்டாகவே நின்றுவிட்டது. எல்லையைக் கண்டுபிடிக்க போர்டு படிக்க வேண்டாம். ஒயின் ஷாப்புகள் வரிசையாக முளைத்தால் புதுச்சேரி, சட்டென்று மறைந்தால் தமிழ்நாடு. பின்சீட்டில் இருந்த நாலு இளைஞர்கள் இந்த பூகோளத்தை மிகுந்த சிரத்தையோடு கவனித்துக்கொண்டு வந்தார்கள்.

வில்லியனூர் பக்கத்தில்தான் கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ம் தேதி அங்கேதான் ஓட்டெடுப்பு. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. பாண்டிச்சேரியின் தலையெழுத்தை எழுதியது கடற்கரையில் இல்லை, உள்ளே ஒரு கிராமத்தில். பஸ்ஸில் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒயிட் டவுன் அழகுதான், சந்தேகமில்லை. மஞ்சள் சுவர் இருந்தது, காகிதப்பூவும் வழிந்தது. சைக்கிள் மட்டும் இல்லை. ஒரு புல்லட் நின்றது. சுஃப்ரேன் வீதி, துய்மா வீதி என்று நீலப் பலகைகள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர். சாயங்காலம் ஆறு மணியானதும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரைக்கும் அது நடப்பவர்களின் ராஜ்ஜியம். ரோட்டின் நடுவில் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கிறது. 1836-ல் கட்டிய பழைய லைட்ஹவுஸ் எதிரில் நிற்கிறது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கடல் பாறைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானத்திலிருந்து பேசாதவள் லேசாகச் சிரித்தாள்.

அப்போது மணி எட்டே முக்கால்.

"கிளம்பலாமா? கேட் பூட்டிடுவாங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத எந்தப் பத்திரிகையும் பணம் கொடுக்காது.

வெளியூரில் ரூம் போடுகிறவன் கணக்கில் விட்டுவிடுகிற சமாசாரம் இதுதான். பாண்டிச்சேரியின் பகல் எல்லோருக்கும் பொதுவானது, அதுவும் வெயில். அந்த ஊரின் அழகெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், விடியற்காலை ஆறு மணிக்கு. அந்த இரண்டு நேரத்திலும் நாம் விழுப்புரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். 7,500 ரூபாயில் பாதி கட்டிலுக்கு, பாதி அந்த இரண்டு நேரத்துக்கு.

ராத்திரி லைட்டை அணைத்த பிறகு இருட்டிலிருந்து கேள்வி வந்தது.

"பன்னண்டாயிரம் மிச்சம்னு எழுதினீங்களே... அந்தாளு கேட்ட கேள்வியை எந்தப் பக்கம் எழுதுவீங்க? பற்றா, வரவா?"

மூன்று வருஷம் பி.காம். படித்தும் பதில் தெரியவில்லை.

★

காலையில் அவளே சொன்னாள். "இன்னிக்கு பாண்டிச்சேரி வேண்டாம். இந்த ஊர்ப் பக்கம் என்ன இருக்குன்னு பார்ப்போம். ராத்திரிக்கு ரூம் நான் பார்க்கிறேன். நீங்க போன் எடுக்கக் கூடாது."

செஞ்சி பஸ்ஸில் ஏறினோம். வழியில் மண்டகப்பட்டு. மெயின் ரோட்டில் இறங்கி ஆட்டோவில் உள்ளே போக வேண்டும். ஒரு பாறையைக் குடைந்து, இரண்டு பக்கமும் இரண்டு துவாரபாலகர்களை நிறுத்தியிருக்கிறார் மகேந்திரவர்ம பல்லவர், ஏழாம் நூற்றாண்டில். 'செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டினேன்' என்கிற கருத்தில் கல்வெட்டே வைத்திருக்கிறார். "உங்களை மாதிரியே ஒருத்தர்" என்றாள் மனைவி. நேற்றிலிருந்து கிடைத்த முதல் ஜோக். கல்வெட்டுக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன்.

செஞ்சி ராஜகிரி எண்ணூறு அடி. ஏறும்போது, நாற்பதை நெருங்கும் ஆசாமியான எனக்கு முழங்காலில் ஒரு சத்தம் கேட்டது. அதைப் பொருட்படுத்தவில்லை. மேலே போய் நின்றால், மூன்று மலையையும் வளைத்து ஓடும் கோட்டைச் சுவர், கீழே கல்யாண மகால், தூரத்தில் பச்சை வயல். எதிரில் கிருஷ்ணகிரி. எங்களையும் சேர்த்து அந்த உச்சியில் ஏழு பேர். முந்தின நாள் பாண்டிச்சேரியில் ஒரு மஞ்சள் சுவருக்கு முன்னால் போட்டோ எடுக்கவே ஏழு பேர் க்யூவில் நின்றார்கள்!

இந்தக் கோட்டைக்கு வராத ஆள் இல்லை. 1677-ல் சிவாஜி பிடித்தார். முகலாயப் படை முற்றுகை போட்டு வருஷக்கணக்கில் கீழேயே உட்கார்ந்து, 1698-ல்தான் உள்ளே வந்தது. தேசிங்குராஜன் கதை உங்களுக்கே தெரியும். ஆனால் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. 1750-லிருந்து 1761 வரை இங்கே இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பாண்டிச்சேரியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உள்நாட்டில் செஞ்சி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1760-ல் வந்தவாசியில் தோற்றார்கள். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர்கள் அந்த ஊரையே இடித்துத் தள்ளினார்கள். கொஞ்ச நாளில் செஞ்சியும் போயிற்று. இன்றைக்கு நாம் பார்க்கிற ஒயிட் டவுன் அதற்கப்புறம் திரும்பக் கட்டியது.

"அப்ப பிரெஞ்சுக்காரனே விழுப்புரம் பக்கம்தான் தங்கியிருக்கான்!" என்றேன், கிடைத்த சந்தர்ப்பத்தை விடாமல்.

"அவன்கிட்ட யாரும் கல்யாண போட்டோ கேட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்துவிட்டது. கூட்டம் வருவதற்குள் ஒருமுறை போய்விட்டு வந்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் ஒன்றை வாங்கிக்கொள்ளும்.

கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து மனைவி திண்டிவனம் லாட்ஜ்களுக்குப் போன் போட்டாள். வாடகை எவ்வளவு என்பதை அவள் கடைசியில்தான் கேட்டாள்! முதல் கேள்வி: "நாங்க புருஷன் பெண்டாட்டி, ஆதார்ல அட்ரஸ் வேற. ரிசப்ஷன்ல ஏதாவது கேள்வி கேப்பீங்களா? இப்பவே சொல்லிடுங்க." அடுத்து, ராத்திரி கேட் எப்போது பூட்டுவார்கள். விடியற்காலை நாலரைக்கு யார் திறந்துவிடுவார்கள். வெந்நீர் எப்போது வரும். பாண்டிச்சேரி பஸ் நிற்கிற இடத்துக்கு எத்தனை நிமிஷ நடை. முதல் இரண்டு லாட்ஜ்கள் இந்த விசாரணையில் தேறவில்லை. மூன்றாவது தேறியது. 1,100 ரூபாய்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் முப்பது கிலோமீட்டருக்குள். புளியங்காடாக இருந்ததால் வந்த பெயராம். ரிசப்ஷனில் ஒரு பெரியவர். ஆதாரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, "வெந்நீர் நாலு மணிக்கே போட்டுடறேன்மா. சூரியோதயம் பார்க்கப் போறீங்களா? முதல் பஸ்ஸே பிடிச்சுடுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த 'அம்மா'வுக்கு நான் 200 ரூபாய்கூட அதிகம் கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால்.

பக்கத்து மெஸ்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெருவில் நடந்தோம். பார்க்க ஒன்றுமில்லை. பூக்கடை, செல்போன் கடை, சைக்கிளில் வறுகடலை. எங்களை யாரும் டூரிஸ்ட் என்று நினைக்கவில்லை. ஆட்டோக்காரர்கூட "எங்க சார்?" என்று துரத்தவில்லை. "நேத்து மாதிரி வாட்ச் பார்க்க வேண்டாம்ல" என்றாள் மனைவி.

★

திங்கட்கிழமை இருட்டோடு பஸ். வெளியே ஒன்றும் தெரியவில்லை. கிளியனூர் தாண்டும்போது பனைமரங்கள் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தன. கிழக்கு வெளுக்க வெளுக்க என் வயிற்றில் புளி. சூரியனுக்குப் பெர்மிட் கிடையாது, ஸ்டாப்பிங் கிடையாது, நமக்காக நிற்காது. பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் குதித்து ஆட்டோவைப் பிடித்தோம். "பீச்சுக்கு 150" என்றார். வழக்கமாக நான் அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் வாதாடுகிறவன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

காந்தி சிலைக்குப் பின்னால் ஓடிப் போய் நின்றபோது சூரியன் பாதி வந்திருந்தது. முட்டைக்கரு மாதிரி, தண்ணீர்மேல் அரை வட்டம். மனைவி மூச்சிரைக்க நின்று பார்த்தாள். மீதிப் பாதியும் வருகிற வரைக்கும் இருவரும் பேசவில்லை. சாலையில் வண்டி இல்லை. வாக்கிங் போகிற பெரியவர்களும், ஒரு நாயும், நாங்களும்.

"பாதி சூரியன்தான் பார்த்தோம்" என்றேன், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"பாதி காசுக்குப் பாதி சூரியன். சரியாப் போச்சு" என்றாள். கோபமில்லை.

ஏழரைக்கு வண்டிகள் வர ஆரம்பித்ததும் உள் தெருக்களில் நடந்தோம். வாய்க்காலைத் தாண்டி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வரைக்கும் போனோம். பாரதியார் குடியிருந்த வீடு இருக்கிற தெரு. 1908-ல் வந்து பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தவர், அவரும் வெள்ளைக்காரத் தெருவில் இல்லை, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்தான். அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "சொல்லாதீங்க, புரிஞ்சுடுச்சு" என்றாள்.

திரும்பும் வழியில் அந்த 7,500 ரூபாய் ஓட்டல் வாசல் வந்தது. மஞ்சள் சுவர், காகிதப்பூ, வாசலில் நிஜமாகவே ஒரு சைக்கிள்! உள்ளே எட்டிப் பார்த்தோம். ரிசப்ஷனில் ஒரு பெண். சும்மா கேட்டு வைப்போமே என்று கேட்டேன். "ரூம் எவ்வளவும்மா?"

"இன்னிக்கா சார்? வீக் டேஸ்ல 3,800. நேத்து நைட்கூட அதே ரேட்தான். வெள்ளி, சனி மட்டும்தான் சார் 7,500."

நேற்று ராத்திரிகூட!

சனிக்கிழமை விழுப்புரம், ஞாயிற்றுக்கிழமை இங்கே. சூரியன் முழுசாகவே கிடைத்திருக்கும். போனில் "சனி, ஞாயிறா சார்?" என்று கேட்டபோது, "ஞாயிறு மட்டும்னா எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியாத பி.காம்.!

மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "ஜூன் மாசம் எங்க கல்யாண நாள் செவ்வாய்க்கிழமை வருது. அன்னிக்கு ராத்திரி ரூம் இருக்குமா? ஆதார்ல அட்ரஸ் வேற வேற. பரவாயில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் கேட்க மாட்டோம் மேடம். அட்வான்ஸ் ஆயிரம்."

என் பக்கம் பார்க்காமலே கையை மட்டும் நீட்டினாள். பர்ஸைக் கொடுத்தேன்.